மின்ட் இன்ஸ்டால் கடைசியில் "கிரப் இன்ஸ்டால் ஃபெயில்டு, ஃபேட்டல் எர்ரர்": இப்போ விண்டோஸும் வரல (சேலம்)

செவ்வாய்ப்பேட்டை_பில்லிங்

வணக்கம்ங்க. கொலுசுப் பட்டறையோட பில்லிங் கம்ப்யூட்டர். அசெம்பிள் செட்டு: ஹெச்81 போர்டு, நாலாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம். 240 ஜிபி எஸ்எஸ்டியில விண்டோஸ் 10. தனியா 1 டிபி ஹார்டு டிஸ்க், அதுல டிசைன் படமும் பழைய கணக்கும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது, இந்த பிராசசருக்கு 11 போகாது. நெட், மெயில், ஜிஎஸ்டி வேலை எல்லாம் லினக்ஸ் மின்ட் 22-ல (இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம்) பார்க்கணும், பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் நெட் இல்லாம விண்டோஸ்லயே ஓடணும்.

செஞ்சது இதுதான்:
ஹார்டு டிஸ்க்ல 100 ஜிபி சுருக்கி காலியா விட்டேன். பென் டிரைவ்ல மின்ட் எழுதி பூட் பண்ணேன். "சம்திங் எல்ஸ்" எடுத்து, அந்த 100 ஜிபியில ஈஎக்ஸ்டி4 (லினக்ஸோட டிஸ்க் ஃபார்மேட்), மவுன்ட் பாயின்ட் "/" (ரூட், லினக்ஸ் உட்காருற இடம்) கொடுத்தேன். பூட் லோடர் (ஆன் பண்ணதும் சிஸ்டத்தை ஏத்துற புரோகிராம், மின்ட்ல அது கிரப்) எங்கேன்னு கேட்ட இடத்துல /டெவ்/எஸ்டிஏ-ன்னு இருந்ததை அப்படியே விட்டுட்டேன் (அது எஸ்எஸ்டி). ஃபைல் எல்லாம் காப்பி ஆகி முடியுற நேரத்துல "எக்ஸிக்யூட்டிங் கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ ஃபெயில்டு. திஸ் இஸ் எ ஃபேட்டல் எர்ரர்"னு நின்னுது.

ரீஸ்டார்ட் பண்ணா விண்டோஸ் வழக்கம்போல வந்துது. அப்புறம் ஒரு வீடியோவைப் பார்த்து பயாஸ்ல (போர்டோட சொந்த செட்டிங் மெனு) பூட் மோடை "லெகசி ஒன்லி" ஆக்கினேன். இப்போ கருப்பு ஸ்க்ரீன்ல "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" மட்டும்தான். விண்டோஸ் அழிஞ்சு போச்சாங்க?

சூரமங்கலம்64

அழியலைங்க. மோடை "யூஇஎஃப்ஐ"க்குத் (போர்டு பூட் பண்ற புது முறை, லெகசிங்கிறது பழைய முறை) திருப்பி வச்சுட்டு வந்து மிச்சத்தைப் படிங்க, விண்டோஸ் வந்துடும்.

நடந்தது என்னன்னா, உங்க எஸ்எஸ்டி ஜிபிடி டிஸ்க் (பார்ட்டிஷன் பட்டியல் எழுதுற புது முறை, பழசு எம்பிஆர்). விண்டோஸ் அதுல யூஇஎஃப்ஐ முறையில உட்கார்ந்திருக்கு. அதோட பூட் ஃபைல் டிஸ்க் தொடக்கத்துல இருக்குற 100 எம்பி ஃபேட்32 பார்ட்டிஷன்ல இருக்கு, அதைத்தான் ஈஎஸ்பின்னு சொல்றது. லெகசி மோடுல போர்டு அந்தப் பார்ட்டிஷன் பக்கமே திரும்பாது. டிஸ்க்கோட முதல் 512 பைட்டைப் படிக்கும், அதுல பூட் கோடு இருக்கவேண்டிய 446 பைட் காலியா இருக்கும், "டிவைஸ் இல்லை"ன்னு சொல்லிடும். வீட்டுக்கு முன்வாசல் கிழக்கால இருக்க, நீங்க மேற்குச் சுவத்தைத் தட்டிக்கிட்டு இருக்கீங்க.

இன்ஸ்டால் தோத்ததுக்கும் காரணம் இதே குழப்பம்தான். பென் டிரைவ் லெகசியில பூட் ஆயிருக்கு. அந்த நிலையில இன்ஸ்டாலர் எஸ்எஸ்டியில லெகசி கிரப்பைப் பதிக்கப் பார்க்கும். எம்பிஆர் டிஸ்க்குன்னா முதல் பார்ட்டிஷனுக்கு முன்னாடி இருக்குற சந்துல கிரப்போட கோர் இமேஜை (முதல்ல ஏறுற துண்டு) ஒளிச்சு வைக்கலாம். ஜிபிடியில அந்தச் சந்துல பார்ட்டிஷன் டேபிளே உட்கார்ந்திருக்கு, இடம் கிடையாது. டெர்மினல்ல ஓட்டிப் பார்த்தா "திஸ் ஜிபிடி பார்ட்டிஷன் லேபிள் கன்டெய்ன்ஸ் நோ பயாஸ் பூட் பார்ட்டிஷன்"னு உண்மையான காரணத்தைச் சொல்லும். இன்ஸ்டாலர் பெட்டி அதை மறைச்சுட்டு "ஃபேட்டல்"னு மட்டும் பயமுறுத்தும்.

உறுதி பண்ண: விண்டோஸ்ல ரன் பெட்டியில எம்எஸ்இன்ஃபோ32 அடிங்க, "பயாஸ் மோட்" வரியில யூஇஎஃப்ஐன்னு இருக்கணும். மின்ட் லைவ்ல, அதாவது இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்லயே ஓடுற மின்ட்ல, டெர்மினல் திறந்து (கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுறேன், தட்டும்போது ஆங்கிலத்துல, எல்லாம் சின்ன எழுத்து)

எல்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ

அப்படி ஒரு ஃபோல்டரே இல்லைன்னு வந்தா லெகசியில பூட் ஆயிருக்கீங்க. இன்ஸ்டால் பொத்தானைத் தொடாம வெளியே வந்துடுங்க.

இப்போ செய்ய வேண்டியது. அந்த அரைகுறை இன்ஸ்டாலை ரிப்பேர் பண்ணாதீங்க. உள்ளே உங்க டேட்டா ஒண்ணும் இல்லை, லைவ் சிஸ்டத்துக்கான பேக்கேஜ்களைக் கழிக்கிற வேலையும் பாதியில நின்னிருக்கும். திரும்பப் போடுறதுதான் சுத்தம்.

ரூஃபஸ்ல (பென் டிரைவ் எழுதுற விண்டோஸ் கருவி) எழுதும்போது பார்ட்டிஷன் ஸ்கீம் "ஜிபிடி", டார்கெட் "யூஇஎஃப்ஐ, சிஎஸ்எம் இல்லாதது" (சிஎஸ்எம்னா யூஇஎஃப்ஐ போர்டுல லெகசியை ஓட்டுற வசதி). எம்பிஆர்னு எழுதினா பென் டிரைவ் ரெண்டு வழியிலயும் பூட் ஆகும், போர்டு எதை எடுக்கும்னு சொல்ல முடியாது. பூட் மெனு சாவி ஜிகாபைட்னா எஃப்12, ஆசுஸ்னா எஃப்8, எம்எஸ்ஐன்னா எஃப்11. பட்டியல்ல ஒரே பென் டிரைவ் பேர் ரெண்டு தடவை வந்தா, முன்னாடி "யூஇஎஃப்ஐ:" போட்டிருக்குறதை எடுங்க.

அதுக்கு முன்னாடி விண்டோஸ்ல அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல "பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்" கொடுத்துடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தா ஷட் டவுன் ஆகிற மாதிரி காட்டி பாதித் தூக்கத்துல இருக்கும், லினக்ஸ்ல இருந்து அந்த என்டிஎஃப்எஸ் (விண்டோஸோட டிஸ்க் ஃபார்மேட்) டிரைவ்ல எழுத முடியாது.

இன்ஸ்டாலர்ல "சம்திங் எல்ஸ்": ஹார்டு டிஸ்க்ல பழைய ஈஎக்ஸ்டி4-ஐ எடுத்து "/", ஃபார்மேட் டிக் பண்ணுங்க. எஸ்எஸ்டியோட 100 எம்பி பார்ட்டிஷனை எடுத்து "இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்"னு குறிங்க, ஃபார்மேட் டிக் வேண்டவே வேண்டாம். அதைத் தட்டினா விண்டோஸ் பூட் ஃபைல் போயிடும். கிரப் எடுத்துக்கிறது பத்து எம்பிக்கும் கீழே, 100 எம்பி தாராளம்.

பழைய_போர்டு

இதுக்குப் போய் மறுபடி இன்ஸ்டாலா? எஸ்எஸ்டியிலோ ஹார்டு டிஸ்க்லயோ 1 எம்பி பார்ட்டிஷன் ஒண்ணு போட்டு, ஜிபார்ட்டெட்ல (லினக்ஸோட பார்ட்டிஷன் கருவி) "பயாஸ்_கிரப்" ஃப்ளாக் வச்சு, அந்த டிஸ்க்லயே கிரப்-இன்ஸ்டால் ஓட்டுனா லெகசியிலயே வந்துடுமே. ஃபார்மேட் கூட வேண்டாம்.

சூரமங்கலம்64

வரும், தப்பில்லை. முழு டிஸ்க்கும் லினக்ஸ்னா நானும் அதையே சொல்லியிருப்பேன். இங்கே விண்டோஸ் யூஇஎஃப்ஐ, லினக்ஸ் லெகசின்னு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுடும். லெகசியில ஏறின கிரப்பால யூஇஎஃப்ஐ விண்டோஸைக் கூப்பிட முடியாது. மெனுவுல விண்டோஸ் வராது, தினமும் எஃப்12 தட்டித் தேர்ந்தெடுக்கணும். பட்டறையில பில் போடுற பையன் அதைச் செய்வானா?

இன்னொண்ணு. ஹெச்81 போர்டெல்லாம் 2013-க்கு அப்புறம் வந்த சரக்கு, சிமாஸ் பேட்டரிக்கு வயசாயிருக்கும். பேட்டரி செத்தா கரன்ட் போகும்போதெல்லாம் பயாஸ் செட்டிங் டீஃபால்ட்டுக்குப் போகும், சில போர்டுகள்ல சிஎஸ்எம் தானா ஆன் ஆயிடும். ரெண்டு கட்சியா வச்சிருந்தா அன்னைக்குக் காலையில ஒண்ணு வரும், ஒண்ணு வராது. சிஆர்2032, 3 வோல்ட், வாட்ச் கடையிலயே கிடைக்கும். இப்பவே மாத்திடுறது நல்லது.

செவ்வாய்ப்பேட்டை_பில்லிங்

சூரமங்கலம் அண்ணா சொன்னபடி யூஇஎஃப்ஐ-ல பென் டிரைவ் ஏத்தி திரும்பப் போட்டேன், எர்ரர் இல்லாம முடிஞ்சுது. பேட்டரியும் மாத்தியாச்சு. ரெண்டு சிக்கல். ரீஸ்டார்ட் பண்ணா நேரா விண்டோஸுக்கே போகுது. எஃப்12-ல "உபுண்டு"ன்னு ஒண்ணு இருக்கு, மின்ட்னு எதுவும் இல்லை. அதை எடுத்தா மின்ட் வருது, ஆனா அந்த மெனுவுல விண்டோஸ் இல்லை.

சூரமங்கலம்64

"உபுண்டு"தான் உங்க மின்ட். மின்ட், உபுண்டுவோட பூட் லோடரையே வச்சிருக்கு, ஈஎஸ்பியில ஃபோல்டர் பேரும் அதேதான். அந்த என்ட்ரியை வேற எதுவோன்னு நினைச்சு அழிச்சுடாதீங்க.

வரிசையைப் பார்க்க மின்ட்ல "சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்". விண்டோஸ் பூட் மேனேஜர் 0000, உபுண்டு 0003-ன்னு வந்ததா வச்சுக்குங்க:

சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -ஓ 0003,0000

உங்க நம்பர் வேறயா இருக்கும், பார்த்துப் போடுங்க. இதை பயாஸ்லயே "பூட் ஆப்ஷன் 1"லயும் மாத்தலாம். சில போர்டுகள்ல முதல்ல டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கணும், அப்புறம் தனியா "ஹார்டு டிஸ்க் டிரைவ் பிபிஎஸ் ப்ரையாரிட்டிஸ்"னு ஒரு உள் மெனு இருக்கும், அதுல உபுண்டுவை மேலே ஏத்தணும்.

மெனுவுல விண்டோஸ் வராததுக்குப் பெரும்பாலும் காரணம், கிரப் 2.06-ல இருந்து மத்த சிஸ்டத்தைத் தேடுற ஓஎஸ்-ப்ரோபரை அவங்களே அணைச்சு வச்சிருக்காங்க. /ஈடிசி/டீஃபால்ட்/கிரப் ஃபைலைத் திறந்து கடைசியில இந்த வரி. இது மட்டும் சமக்குறிக்கு முன்னாடி எல்லாம் பெரிய எழுத்து:

கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்

சேவ் பண்ணி "சூடோ அப்டேட்-கிரப்". "ஃபவுண்ட் விண்டோஸ் பூட் மேனேஜர்"னு ஒரு வரி ஓடணும். ஓடலைன்னா மின்ட் இன்னும் லெகசியில ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க.

பின்னாடி என்னைக்காவது கிரப் மட்டும் கெட்டுப்போனா மறு இன்ஸ்டால் வேண்டாம். லைவ் பென் டிரைவை யூஇஎஃப்ஐ-ல ஏத்தி, ரூட் எஸ்டிபி3, ஈஎஸ்பி எஸ்டிஏ1-ன்னா (எல்எஸ்பிஎல்கே -எஃப் போட்டுப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் எழுத்து மாறலாம்):

சூடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிபி3 /எம்என்டி
சூடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிஏ1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ
சூடோ மவுன்ட் --ஆர்பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்
இதே மாதிரி /ப்ராக், /சிஸ், /ரன் மூணுக்கும்
சூடோ சிஹெச்ரூட் /எம்என்டி
கிரப்-இன்ஸ்டால் --டார்கெட்=எக்ஸ்86_64-இஎஃப்ஐ --இஎஃப்ஐ-டைரக்டரி=/பூட்/இஎஃப்ஐ --பூட்லோடர்-ஐடி=உபுண்டு
அப்டேட்-கிரப்

பல இடத்துல வெறும் "--பைண்ட்"னு எழுதியிருப்பாங்க. அப்படிப் போட்டா /சிஸ்-க்குள்ள இருக்குற இஎஃப்ஐவார்ஸ் கூட வராது, "இஎஃப்ஐ வேரியபிள்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட்"னு முனகும். ஃபைல் எழுதியிருக்கும், ஆனா போர்டோட நினைவுல என்ட்ரி பதியாது.

ஒண்டிக்கடை_மூடுபனி

ஏற்காட்டுல இருந்து எழுதுறேன். இதே திரியில கேட்கலாமா தெரியல. எஸ்டேட் ஆபீஸ் லேப்டாப், ரொம்பப் பழசு, யூஇஎஃப்ஐ கிடையாது, எம்பிஆர் டிஸ்க். விண்டோஸ் 7-உம் உபுண்டுவும் இருந்தது. விண்டோஸ்ல இருந்து காலியா இருந்த ஒரு டிரைவை அழிச்சதும் "எர்ரர்: நோ சச் பார்ட்டிஷன்", அடுத்த வரியில "கிரப் ரெஸ்க்யூ>". "எல்எஸ்" அடிச்சா ஹெச்டி0, அப்புறம் எம்எஸ்டாஸ்1, 2, 5, 6-ன்னு வருது. "ஹெல்ப்" அடிச்சா அன்னோன் கமாண்ட்.

பழைய_போர்டு

இது என் ஏரியா.

எம்பிஆர்ல நாலு ப்ரைமரிக்கு மேல கிடையாது. அதுக்கு மேல வேணும்னா எக்ஸ்டென்டட் ஒண்ணு போட்டு அதுக்குள்ள லாஜிக்கல். லாஜிக்கல் நம்பர் 5-ல தொடங்கும். நடுவுல ஒண்ணை அழிச்சா பின்னாடி இருக்குறது எல்லாம் ஒரு நம்பர் இறங்கி உட்காரும். பஸ்ல ஒருத்தர் எழுந்தா அடுத்தவர் நகர்ந்து உட்காருற மாதிரி. உங்க உபுண்டு எம்எஸ்டாஸ்7-ஆ இருந்திருக்கும், இப்போ 6. கிரப்போட கோர் இமேஜ்ல பழைய நம்பர்தான் எழுதியிருக்கு, அங்கே போய் தேடுது, ஆளில்லை. டேட்டாவுக்கு ஒரு சேதமும் இல்லை.

ரெஸ்க்யூவுல எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட் நாலுதான் வேலை செய்யும், டேப் தட்டினா நிரப்பித் தராது. ஒவ்வொண்ணாத் திறந்து பாருங்க:

எல்எஸ் (ஹெச்டி0,எம்எஸ்டாஸ்6)/

"அன்னோன் ஃபைல்சிஸ்டம்"னு வந்தா அது விண்டோஸ் டிரைவ், என்டிஎஃப்எஸ் படிக்கிற மாட்யூல் இன்னும் ஏறலை, அவ்வளவுதான், பயப்பட வேண்டாம். பூட், ஈடிசி, ஹோம்னு பேர் வந்தா அதுதான் உங்க வீடு. அப்புறம்:

செட் ப்ரீஃபிக்ஸ்=(ஹெச்டி0,எம்எஸ்டாஸ்6)/பூட்/கிரப்
செட் ரூட்=(ஹெச்டி0,எம்எஸ்டாஸ்6)
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. நாலாவது வரியில மெனு வந்துடும். உள்ளே ஏறினதும் வேலை முடியலை, இது ஒரு தடவைக்குத்தான். "சூடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ", அப்புறம் அப்டேட்-கிரப். எஸ்டிஏ6 இல்லை, வெறும் எஸ்டிஏ. முழு டிஸ்க்கோட நெத்தியில எழுதணும். எஃப்எஸ்டேப்ல (எந்தப் பார்ட்டிஷனை எங்கே ஏத்தணும்ங்கிற பட்டியல்) யூயூஐடி (நம்பர் நகர்ந்தாலும் மாறாத அடையாளம்) இருக்கும், அதைத் தொட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க் எக்ஸ்பி காலத்துல பார்ட்டிஷன் போட்டதுன்னா முதல் பார்ட்டிஷன் 63-ஆவது செக்டர்லயே தொடங்கியிருக்கும். சந்து வெறும் 31 கேபி. "யுவர் கோர் டாட் ஐஎம்ஜி இஸ் அன்யூஷுவலி லார்ஜ்"னு மறுக்கும். விண்டோஸ் 7-ஓட கருவியில போட்டிருந்தா 2048-ல தொடங்கும், 1 எம்பி சந்து, பிரச்சினை வராது. "சூடோ எஃப்டிஸ்க் -எல்"ல "ஸ்டார்ட்"னு தலைப்பு போட்ட நெடுவரிசையைப் பாருங்க.

ஒண்டிக்கடை_மூடுபனி

6-தான். வந்துடுச்சு, 2048-தான் இருக்கு, கிரப்பும் பதிஞ்சுடுச்சு. ஆனா இப்போ மேல இருக்குற என்ட்ரியை எடுத்தா "கெர்னல் பேனிக், விஎஃப்எஸ், அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன் ப்ளாக் 0,0". ரெண்டாவதா இருக்குற பழைய கெர்னல் நல்லா ஏறுது. பேட்டரி செத்த லேப்டாப், அப்டேட் ஓடும்போது கரன்ட் போனது உண்டு.

பழைய_போர்டு

அப்போ இது வேற நோய். கிரப் தன் வேலையை முடிச்சுட்டு கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) கையில சாவியைக் கொடுத்தாச்சு. புது கெர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டைத் திறக்க கெர்னலுக்கு முதல்ல வேணுங்கிற ஃபைல்) உருவாகுற நேரத்துல கரன்ட் போயிருக்கு. மழைக்காலத்துல மலை மேல இது சகஜம். பழைய கெர்னல்ல ஏறி:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே ஆல்
சூடோ அப்டேட்-கிரப்

அதுக்கு முன்னாடி "டிஎஃப் -ஹெச் /பூட்". /பூட் தனிப் பார்ட்டிஷனா இருந்து 100 சதவீதம் நிறைஞ்சிருந்தா எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இடத்துல நிக்கும், "ஏபிடி ஆட்டோரிமூவ்" போட்டுப் பழைய கெர்னலைக் கழிக்கணும். இப்போ ஓடிக்கிட்டு இருக்குறதைக் கழிச்சுடாதீங்க.

பேனிக் இல்லாம "(இனிட்ராம்எஃப்எஸ்)"னு ப்ராம்ப்ட் வந்து நின்னா அது ஃபைல் சிஸ்டம் அடி. "எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ6", முடிஞ்சதும் "எக்ஸிட்". அடிக்கடி வந்தா டிஸ்க்கே போகுதுன்னு அர்த்தம், ஸ்மார்ட்சிடிஎல் -ஏ போட்டு "ரீஅலகேட்டட் செக்டர்" எண்ணைப் பாருங்க.

அடுத்த தடவை அப்டேட் போடும்போது யூபிஎஸ்ல சொருகுங்க.

அழகாபுரம்_லேப்டாப்

இந்தத் திரியை வச்சு யாராவது புது லேப்டாப்ல இறங்குவாங்க, அவங்களுக்காக மூணு விஷயம். டெஸ்க்டாப் வைத்தியம் அங்கே அப்படியே செல்லாது.

பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடுற பூட்டு). புது விண்டோஸ் 11 லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு நுழைஞ்சாலே "டிவைஸ் என்க்ரிப்ஷன்" சத்தமில்லாம ஆன் ஆகியிருக்கும். செக்யூர் பூட்டையோ (கையெழுத்து இல்லாத பூட் ஃபைலைத் தடுக்கிற வசதி) பூட் வரிசையையோ தொட்டதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். "மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்" போட்டுப் பார்த்து, கீயை எழுதி வச்சுட்டு, சஸ்பென்ட் பண்ணிட்டுத்தான் பயாஸுக்குள்ள போகணும். கீ இல்லைன்னா எந்தக் கடைக்குக் கொண்டு போனாலும் அந்த டேட்டா கிடைக்காது.

ரெண்டாவது, இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே தெரியலைன்னா பயாஸ்ல ஸ்டோரேஜ் "ரெய்டு" அல்லது "இன்டெல் ஆர்எஸ்டி"யில இருக்கும், ஏஹெச்சிஐங்கிற வழக்கமான முறைக்கு ஆக்கணும். சும்மா மாத்தினா விண்டோஸ் "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்"னு நீல ஸ்க்ரீன் காட்டும். முதல்ல அட்மின் ப்ராம்ப்ட்ல "பிசிடிஎடிட் /செட் சேஃப்பூட் மினிமல்", ரீஸ்டார்ட் பண்ணி நேரா பயாஸ், ஏஹெச்சிஐ, சேவ். விண்டோஸ் சேஃப் மோடுல ஏறும்போது சரியான டிரைவரைப் பிடிச்சுக்கும். அங்கேயே "பிசிடிஎடிட் /டெலீட்வேல்யூ சேஃப்பூட்" போட்டு ரீஸ்டார்ட். பிட்லாக்கர் சஸ்பென்ட் பண்ணாம இதையும் தொடாதீங்க.

மூணாவது, "வெரிஃபையிங் ஷிம் எஸ்பேட் டேட்டா ஃபெயில்டு, செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்"னு காட்டி லேப்டாப் அணையும். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்ல பழைய ஷிம்களை (செக்யூர் பூட்ல கிரப்புக்கு முன்னாடி ஏறுற சின்ன பூட் லோடர்) தடை பண்ணின பட்டியல் போர்டுக்குள்ள எழுதப்பட்டதால வந்தது. இதுல கிரப்-இன்ஸ்டால் பத்து தடவை போட்டும் பிரயோஜனமில்லை. செக்யூர் பூட்டை அணைச்சு லினக்ஸ்ல ஏறி, "சூடோ மோக்யூடில் --செட்-எஸ்பேட்-பாலிசி டெலீட்", ஒரு ரீஸ்டார்ட், அப்டேட் எல்லாம் போட்டு ஷிம்மைப் புதுசாக்கி, மறுபடி செக்யூர் பூட். பழைய பென் டிரைவ்ல இருந்து பூட் பண்ணும்போதும் இதே எர்ரர் வரலாம், புது ஐஎஸ்ஓ எழுதினா தீரும்.

செவ்வாய்ப்பேட்டை_பில்லிங்

மெனுவுல ரெண்டும் வந்துடுச்சுங்க, ரொம்ப நன்றி. மிச்சம் ஒண்ணே ஒண்ணு: மின்ட்ல வேலை பார்த்துட்டு விண்டோஸுக்குப் போனா கடிகாரம் பின்னாடி போகுது. பில்லுல நேரம் தப்பா விழுது.

சூரமங்கலம்64

சரியா 5 மணி 30 நிமிஷம் பின்னாடியா இருக்கும். லினக்ஸ் போர்டு கடிகாரத்துல யூடிசி (உலகப் பொது) நேரத்தை வைக்குது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு எடுத்துக்குது. மின்ட்ல "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" ஒரு தடவை போடுங்க. விண்டோஸ்ல நெட் இல்லாததால தானா திருத்திக்காது, அதனால அங்கே ஒரு தடவை கையாலயே நேரத்தைச் சரி பண்ணிட்டு அப்புறம் பில் போடுங்க. இதுவரைக்கும் தப்பு நேரத்தோட போன பில்லைத் தேதியோட சரிபார்த்துடுங்க, காலை 5:30-க்கு முன்னாடி போட்டது இருந்தா முந்தின நாள் தேதியில விழுந்திருக்கும்.